எழுதாத தாளில் உன் கையெழுத்து

பாபு,

இந்தக் கடிதத்தை உன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் வைக்கப்போகிறேன். நாளைக் காலை நீ கிளம்பும்போது வாசலில் நின்று, பையில் ஒன்று இருக்கிறது, பார்க் ஸ்டேஷன் போனதும் எடு என்று சொல்வேன். அதற்கு முன்னால் எடுக்காதே. பட்டாபிராமில் ஏறி, ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஏறுகிற கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு படிக்கிற விஷயம் இல்லை இது. பார்க்கில் மாறி ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அங்கே ஆரம்பித்து, திரிசூலத்தில் இறங்குவதற்குள் படித்து முடித்துவிடு. ஆபீஸில் போய்ச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தாயானால் நான் எழுதியது வீண்.

நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ "சரிம்மா" என்பாய். மூன்றாம் வகுப்பிலிருந்து நீ சொல்கிற "சரிம்மா"வை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், உனக்குச் சோறு பரிமாறப்போகிற பெண்ணுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப்போகிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் அப்பாவும் பூந்தமல்லிக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறீர்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க எனக்கே என்று எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தோம். நீ நடுவில் எழுந்து போய் ஆபீஸ் பையிலிருந்து ஒரு கட்டு படிவங்களை எடுத்து வந்தாய். பத்திரிகையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் புரட்டினாய். மேலே ஒரு எழுத்தும் இல்லை. என்னடா அது என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்: "செவ்வாய்க்கிழமைலருந்து நான் லீவும்மா. ஆபீஸ்ல சர்டிபிகேட் எனக்கு மட்டுந்தான் இருக்கு. சைன் போட்டு வெச்சிட்டா பசங்க ஃபில் பண்ணிப்பாங்க." எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், மேனேஜரே கேட்டார் என்றும் சொன்னாய். உன் அப்பாவின் பேனா நின்றதை நீ கவனித்திருக்க மாட்டாய். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் குனிந்து திருநின்றவூர் மாமா வீட்டு விலாசத்தை எழுதினார், அதுவும் தப்பாக.

இன்று காலை நீ குளிக்கப் போனபோது அந்தக் கட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு தாள். அது என்ன படிவம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல வருஷம் அதைத் தினமும் பார்த்தவள் நான். எரியக்கூடியது, அரிக்கக்கூடியது, விஷம் என்று விமானத்தில் ஏறுகிற ஆபத்தான சரக்கை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் தன் கண்ணால் பார்த்து, கட்டியது சரி, ஒட்டிய லேபிள் சரி, எழுதிய பெயர் சரி என்று ஒவ்வொன்றாக டிக் செய்து, கடைசியில் கையெழுத்துப் போடுகிற படிவம். நீ இருபத்திரண்டு பெட்டிகளைப் பார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தப் பெட்டிகளுக்கு இன்னும் மரமே அறுக்கவில்லை. அவை உள்ளே வந்து சேருகிற நாளில் நீ வேட்டி சட்டையில் மாலையோடு கோயிலில் நின்றுகொண்டிருப்பாய்.

கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறு. உன்னைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. உன் வேலையைப் பற்றி எனக்குப் பெருமைதான். உன் பெயர் இருந்தால் பெட்டியை மறுபடி திறக்க வேண்டாம் என்று ஏர்லைன்காரர்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டு நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உன் வருங்கால மாமியாரிடம்கூட அதைத்தான் முதலில் சொன்னேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. உன் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் முதல் கம்பெனியை ஏன் விட்டேன் என்று உனக்குச் சொல்லியிருப்பது, எழும்பூர் தூரம், வீட்டைப் பார்க்க முடியவில்லை என்பது. அது பொய். எழும்பூர் என்ன தூரம்? அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் மீனம்பாக்கம் வரைக்கும் போய் வந்தவள் நான்.

அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்கும் விமானக் கம்பெனிக்கும் நடுவில் நின்று, சரக்கை வாங்கி, தாள்களைத் தயார் செய்து, இடம் பிடித்து அனுப்புகிற வேலை என்பதைக்கூட நான் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். யாரும் யாருக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்வதுதான் பயிற்சி. அவர் தப்பாகச் செய்தால் நாமும் அழகாக அதே தப்பைச் செய்வோம். என் கை வேகம். ஒரு சரக்குச் சீட்டை, அத்தனை கார்பன் வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துவிடுவேன். மத்தியான விமானத்துக்கு மற்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும்போது என் கட்டு மேனேஜர் மேஜையில் உட்கார்ந்திருக்கும். இந்தத் தொழிலில் வேகம்தான் பேர். இன்றைக்குப் போக வேண்டியதை இன்றைக்கே அனுப்புகிறவனைத்தான் நாளைக்கும் கூப்பிடுவார்கள்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் பெரியது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலை. ஒவ்வொரு சரக்குக்கும் அங்கே ஏற்றுமதி பார்க்கிற அதிகாரி ஒரு தாளில், உள்ளே இருப்பது இன்னது, ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எழும்பூரிலிருந்து ஒரு ஆள் பஸ் பிடித்துப் பாடி வழியாகப் போய் அந்தக் கையெழுத்தை வாங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். போன் போட்டால் லைன் கிடைக்காது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. அதிகாரி மாதம் பிறந்ததும் கம்பெனி பெயர் போட்ட வெற்றுத் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். நான் பட்டாபிராமிலிருந்து வருகிறவள் என்பதால், வழியில் பட்டரவாக்கத்தில் இறங்கி அந்தக் கட்டை வாங்கி வருவது என் வேலை. அது என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். சரக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, டைப்ரைட்டரில் ஏற்றி, கையெழுத்துக்கு மேலே வேண்டியதை அடிப்பேன். எல்லா ஆபீசிலும் அப்படித்தான். நீ நேற்று சொன்னாயே எல்லோரும் என்று, அதே எல்லோரும்தான்.

ஒரு வெயில் காலம். நீ ஆறாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தாய். அவசரமாக ஆறு பம்புகள் வெளிநாடு போக வேண்டும் என்றார்கள். காலையில் நான் அந்த மாதத்துக் கட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின்பக்கத்துக் கொட்டகையில் மஸ்தான் பாய் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். ஆமாம், பூந்தமல்லியில் இன்றைக்கு நீங்கள் பத்திரிகை வைக்கப் போயிருக்கிற அதே மஸ்தான் பாய்தான். ஏற்றுமதிப் பெட்டி அடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, பம்போட ரெண்டு பிளாஸ்டிக் கேனு வெச்சிருக்காங்க. துரு எடுக்கற ஆசிட்டாம். மூக்க எரிக்குது. தாள்ல எழுதிட்டீங்களா?" என்றார். வாங்குகிறவர்கள் பம்பைத் துடைத்து மாட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளேயிருந்த ஃபிட்டர் யாரோ நல்லெண்ணத்தில் வைத்தது. நான் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "சார் சைன் போட்டுட்டாரு பாய், நீங்க அடிங்க" என்றேன்.

சார் சைன் போட்டது உண்மை. அந்தக் கேனைப் பார்த்துப் போடவில்லை. வேறு என்னவோ வேலையாக இருந்த ஒரு காலையில், காப்பி குடித்துக்கொண்டே போட்டது. அந்த நேரத்தில் நான் உள்ளே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கேனை எடுக்க வேண்டும், பெட்டியைப் பிரிக்க வேண்டும், மத்தியான விமானம் போய்விடும். கையெழுத்தோ ஏற்கனவே என் பையில் இருக்கிறது. கீழே கையெழுத்து இருந்தால் மேலே எழுதுவது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது தெரியுமா பாபு? ஆபீஸுக்குப் போய், பம்புகளும் உதிரி பாகங்களும், ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன்.

மீனம்பாக்கத்துச் சரக்குக் கொட்டகையில் அந்தப் பெட்டியை இறக்கும்போது ஒரு கேனின் மூடி வழியாக ஆசிட் கசிந்திருக்கிறது. தூக்கியவருக்குப் பெட்டி ஈரமாக இருப்பது மட்டும்தான் தெரிந்தது. மேலே பம்பு என்று எழுதியிருந்ததால், தண்ணீரோ எண்ணெயோ என்று நினைத்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பெட்டியைத் தலைக்கு மேலே சாய்த்திருக்கிறார். வலது கண்ணில் விழுந்துவிட்டது. பக்கத்தில் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக் கழுவுவதற்குள் நேரம் போய்விட்டது. அந்தக் கண் திரும்பவில்லை.

அவர் பெயர் ஏழுமலை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நம் வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற ஏழுமலை மாமாவேதான். சின்னப் பிள்ளையில் நீ அவரிடம் கண்ணுக்கு என்ன மாமா என்று கேட்டபோது, "ஆசிட்டு பட்டுச்சி நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் கன்னத்தைக் கிள்ளினார். யாரால் பட்டது என்று அவர் உன்னிடம் சொல்லவில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பிலும் பெரிய தப்பு. விசாரணை வந்தது. தாளில் இருந்தது தொழிற்சாலை அதிகாரியின் கையெழுத்து. இந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பெட்டி அடித்தவன் ஏன் சொல்லவில்லை என்று மஸ்தான் பாயைப் பிடித்துக்கொண்டார்கள்; இனிமேல் இங்கே மரம் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை. எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தாள் நம் பக்கம் சுத்தமாக இருக்கிறது, நீ வாயைத் திறக்காதே, உனக்கு ஒன்றும் வராது என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் இரண்டாவது இழுப்பறையிலிருந்து மற்ற வாடிக்கைக்காரர்களின் வெற்றுத் தாளை எடுத்து அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னது பருத்திப்பட்டு ஏரிக்கரையில். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போனபோது சொன்னேன். அவர் வேறொரு தொழிற்சாலையில் கடைசல் மெஷினில் நிற்கிற ஆள். நிறையப் பேசத் தெரியாது. முதலில் அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அந்தத் தாளை அடித்தவள், எனக்குக் கேன் இருப்பது தெரியும் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னார்: "உள்ள இன்னா கீதுன்னு ஒரு வார்த்த எயுதியிருந்தா, நான் வேற மாறி தூக்கியிருப்பேன்மா."

அவ்வளவுதான் கேட்டார் அவர். ஒரு வார்த்தை. இத்தனை வருஷமாக எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், எவ்வளவோ தடிப் புத்தகம் புரட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். நம் தொழிலில் யாருமே சரக்கை முழுசாகப் பார்ப்பதில்லை. செய்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், தூக்குகிறவர் ஒருவர், ஏற்றுகிறவர் ஒருவர். எல்லோர் கையிலும் போவது தாள் மட்டும்தான். அடுத்த கை அதை நம்பித்தான் பெட்டியைத் தொடுகிறது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு உள்ளே இருந்தது தெரியாது. தெரிந்த நான் கையெழுத்துப் போடவில்லை. கண் போனது எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

திங்கட்கிழமை நானே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடந்ததை முழுக்க அடித்து, படித்துப் பார்த்து, என் கையெழுத்தைப் போட்டு விசாரணைக்காரர்களிடம் கொடுத்தேன். அதிகாரியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மஸ்தான் பாய் மறுபடியும் மரம் கொண்டுவந்தார். என்னை அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அழவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அழுதேன். ஆனால் அம்பத்தூர் தாண்டும்போது பசி எடுத்தது. பத்து நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவை பசித்தது.

ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் நீ, அம்மா வீட்டிலேயே இருந்தால் தினம் சுடச்சுட தோசை என்று குதித்தாய். பிறகு மீனம்பாக்கத்தில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பேட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது தொழிலில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், மறைத்து என்ன பயன். இதைச் சொல்லிவிட்டு வேலை கேட்கிற தைரியம் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டார். இந்த ஒரு தப்பை இனிமேல் செய்யாத ஆள் உங்களுக்கு வேண்டுமென்றால் என்னைவிட நல்ல ஆள் கிடைக்காது என்றேன். சிரித்துவிட்டார். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: ஆபத்தான சரக்குப் பயிற்சிக்கு என்னை அனுப்ப வேண்டும். பம்பாயில் ஆறு நாள் வகுப்பு, இதுவரை ஆண்களைத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று இழுத்தார். அவர்களும் போகட்டும், நானும் போகிறேன் என்றேன்.

அந்த ஆறு நாளும் உன் அப்பா வைத்த ரசத்தைப் பற்றி நீ இன்றைக்கும் குறை சொல்கிறாய். நான் அங்கே என்ன செய்தேன் என்பதும் உனக்குத் தெரியும், ஆனால் சிரிப்புக் கதையாகத்தான் தெரியும். புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதுகிற பரீட்சையில் நான் ஃபெயிலானேன். "பாத்து எழுதுற பரீட்சைலயே ஃபெயிலாம்மா?" என்று நீ தெருவெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினாய். ஏன் ஃபெயில் என்று நீ கேட்கவே இல்லை. நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம் என்ற திமிர். கேள்வி வந்ததும் படபடவென்று எழுதிவிட்டு முதல் ஆளாக எழுந்து நின்றேன். ஆனால் அந்தப் புத்தகம் வருஷா வருஷம் மாறுகிறது. நான் மனப்பாடம் செய்திருந்தது யாரோ கடன் கொடுத்த பழைய புத்தகம். சொல்லித் தந்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, உங்களுக்கு எல்லாம் தெரியும், அதுதான் பிரச்சினை என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்து எழுதினேன். பாஸானேன். அன்றிலிருந்து எத்தனை தடவை பார்த்த சரக்கானாலும் விரலை வைத்துத்தான் பார்த்தேன். மெதுவான அம்மா என்று ஆபீஸில் பேர் வாங்கினேன். ஒரு காலத்தில் வேகத்துக்குப் பேர் வாங்கியவளுக்கு அது ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

பிறகு ஆவடியில் நம் கோயில் ஹாலைக் கேட்டு வாங்கி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு எடுத்தேன். அது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், சார்ட் பேப்பரில் லேபிள்களை வரைந்தது நீதானே. தீ வரைந்தாய், மண்டை ஓடு வரைந்தாய், ஆசிட் சொட்டி விரல் அரிக்கிற கையை வரைந்தாய். அதில் ஆறு விரல் இருந்தது. வந்தவர்கள் பெட்டி அடிக்கிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள், எஸ்டேட்டில் பேக்கிங் பார்க்கிற பெண்கள். புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் அதுவரை அது அவர்களுக்கு எட்டவில்லை. தமிழில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சி என்றால் ஒரு ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவன் கையெழுத்தை எல்லோருக்கும் பங்கு வைக்கிற காரியம் என்று முதலாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கும். முதல் வகுப்பில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது யார் என்று நினைக்கிறாய்? மஸ்தான் பாய். அவருக்குப் பக்கத்தில், கொட்டகையில் வாட்ச்மேனாக மாறிவிட்ட ஏழுமலை. கேட்டில் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லி வந்தார். அன்றைக்கு என் குரல் நடுங்கியது, நீ சளி என்று நினைத்து வெந்நீர் கொண்டுவந்தாய்.

இப்போது உன் விஷயம். பத்து நாள் நீ இல்லாவிட்டால் ஆபீஸ் என்ன செய்யும் என்று கேட்பாய். நியாயமான கேள்வி, வழி இருக்கிறது. நாளைக்குப் போனதும் மேனேஜரிடம் சொல், இந்தப் பத்து நாளும் ஆபத்தான சரக்கை எடுக்க வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு கிளையிலிருந்து சான்றிதழ் இருக்கிற ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று. சாதாரணச் சரக்கு வழக்கம்போல் போகட்டும். திரும்பி வந்ததும் இன்னும் இரண்டு பேரையாவது பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடு. முணுமுணுப்பார். வாடிக்கைக்காரன் போய்விடுவான் என்பார். நான் பார்த்த வரையில், நின்று பார்த்து அனுப்புகிறவனை விட்டுப் போன வாடிக்கைக்காரன் கொஞ்ச நாளில் திரும்பி வந்திருக்கிறான். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலை போகட்டும். வேலை போனவள் எப்படிப் பிழைக்கிறாள் என்பதற்கு உன் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறேன். நானே வந்து பத்து நாள் உட்காரலாம் என்றுகூட நினைத்தேன். என் சான்றிதழ் போன மாதம் காலாவதியாகிவிட்டது. அதனால் இப்போது நானும் கையெழுத்துப் போட முடியாது. எனக்கே முடியாதது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத பசங்களுக்கு உன் பெயரில் எப்படி முடியும்?

வருகிற வியாழக்கிழமை கோயிலில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். பாதிரியார் முதலில் உன்னைக் கேட்பார், பிறகு அவளைக் கேட்பார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கையில் கொடுப்பார். கூட்டமாக இருக்கும், நேற்றே வந்து போட்டுவிட்டுப் போகிறேன் சாமி என்று சொன்னால் சிரிப்பார்களா இல்லையா? அந்தப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட ஏழுமலை மாமாவைக் கூப்பிட வேண்டும் என்று நீதான் ஆசைப்பட்டாய். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். உன் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து வரும். நாளைக்கு அந்த இருபத்திரண்டு தாளையும் நீ ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தால், வியாழக்கிழமை அதே பேனாவை அவரிடம் நீட்டுவதை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

அந்தக் கட்டை நான் கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். ஆனால் நான் கிழித்தால் நீ ஆபீஸில் வேறு கட்டு வாங்கிப் போட்டுவிடுவாய், அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். அதனால் அது உன் ஆபீஸ் பையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. திரிசூலத்தில் இறங்கிப் படியேறுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும். நீ செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். ஆறு விரல் கையை வரைந்ததற்கு யாரும் சொல்லாமலே வெட்கப்பட்டு, இரவல் கலர் வாங்கி மறுபடி வரைந்து கொண்டுவந்தவன் நீ.

டப்பாவில் உனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருப்பேன். எண்ணெய் சிந்தாமல் நிமிர்த்தி எடுத்துப் போ. சாயங்காலம் வரும்போது என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். காலியான டப்பாவையும் நீ கிழித்த அந்தத் தாள்களையும் மேஜையில் வை, போதும்.

இந்தக் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பதெல்லாம் நான் பார்த்தது, நான் செய்தது. இனிமேல் கையெழுத்துப் போடலாம்.

அம்மா